தாத்தாவை யாரு எண்ணினாங்க? – வேர் தேடும் வாசகர்களுக்கு பதில்கள்

போன இதழ்ல குடும்ப வரலாறு தேடுறவங்க கேள்வி அனுப்பலாம்னு சொல்லியிருந்தோம், கடுதாசி, ஈமெயில், வாட்ஸ்அப்னு நிறைய வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன். பேர் போடாம ஊர் மட்டும் போட்டிருக்கேன், குடும்ப விஷயம்ங்கறதால அதுதான் சரின்னு பட்டுது.

கேள்வி: ஐயா, எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் தென்னாப்பிரிக்காவுல இருக்கற நெட்டாலுக்கு கப்பல் ஏறிட்டாருன்னு வீட்ல பெரியவங்க சொல்வாங்க. பங்காளி சண்டையில கோவிச்சிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா மெட்ராஸ் போனவராம். பேரு முனுசாமி, அவ்ளோதான் தெரியும். அவரு போய் சேர்ந்தாரா, கல்யாணம் காட்சி ஆச்சா, அங்க நமக்கு சொந்தக்காரங்க இருக்காங்களா, எப்படி கண்டுபிடிக்கறது? – வாசகர், வந்தவாசி

தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இது இந்த தடவை வந்த எல்லா கேள்விக்குமே பொருந்தும். நம்ம முன்னோருங்க பெரும்பாலும் எழுத படிக்க தெரியாத உழைப்பாளி ஜனங்க, தன் கதையை எழுதி வெச்சிட்டு போகல. அவங்களை வெச்சு யாராவது காசு கணக்கு பாக்க வேண்டி வந்தப்போதான் அவங்க பேரு பேப்பர்ல ஏறுச்சு. வரி வாங்கறவன், கூலி குடுக்கறவன், பட்டாளத்துல சம்பளம் போடறவன், கப்பலுக்கு தலைக்கு இவ்வளவுன்னு பில் போடறவன், இவங்கதான் நம்ம ஆளுங்களை ஒண்ணு விடாம எழுதினாங்க. அதனால தேட ஆரம்பிக்கும்போது நம்ம தாத்தாவை யாரு எண்ண வேண்டியிருந்துச்சுன்னு யோசிங்க, பாதி வழி அங்கயே தெரிஞ்சிடும்.

உங்க முனுசாமி தாத்தா விஷயத்துல எண்ணினது நெட்டால் சர்க்கார். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோங்கற கப்பல் மெட்ராஸ்ல இருந்து 342 பேரோட டர்பன் துறைமுகத்துக்கு போய் சேர்ந்துச்சு, ஒப்பந்தக் கூலிக்கு ஆள் ஏத்திட்டு போன முதல் கப்பல் அதுதான். நடுவுல 1866ல நிறுத்தி, 1874ல மறுபடி ஆரம்பிச்சு, 1911 ஜூலையோட மொத்தமா நிறுத்தற வரைக்கும் 1,52,184 பேர் போயிருக்காங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியா போனவங்க. அத்தனை பேரையும் ஆளுக்கு ஒரு நம்பர் போட்டு பெரிய பெரிய ரிஜிஸ்டர்ல எழுதி வெச்சிருக்காங்க. கப்பல் லிஸ்ட்னு சொல்வாங்க. இது இப்போ கம்ப்யூட்டர்லயே ஏத்தியாச்சு, டர்பன்ல குவாசுலு-நேட்டால் யுனிவர்சிட்டியோட காந்தி-லுதுலி ஆவண மையம் இதுல நிறைய வேலை பண்ணியிருக்கு.

அந்த லிஸ்ட்ல ஒரு வரியை நிதானமா பாத்தீங்கன்னா மனசு என்னமோ பண்ணும். நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்புல என்ன அடையாளம், அப்புறம் எந்த முதலாளிகிட்ட அனுப்பினாங்கன்னு. அடையாளம்ங்கற காலத்துல இடது முழங்கால்ல தழும்பு, நெத்தியில வடு, வலது கையில மச்சம், இந்த மாதிரி எழுதியிருப்பாங்க. ஓடிப்போனா பிடிக்கறதுக்காக எழுதினதுதான் அது. ஆனா நூத்தி முப்பது வருஷம் கழிச்சு பேரன் பேத்தி பாக்கும்போது, போட்டோ இல்லாத ஒரு மனுஷனோட உடம்பை பத்தி நமக்கு கிடைக்கற ஒரே சேதி அதுதான்.

இப்போ உங்க பிரச்சனை என்னன்னா முனுசாமின்னு போட்டா பக்கம் பக்கமா வரும். ஸ்பெல்லிங்கும் ஒரே மாதிரி இருக்காது, மூன்சாமி, மூனோசாமி, முனிசாமி, முன்சாமின்னு கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதியிருப்பான். அதனால பேரை வெச்சு ஆரம்பிக்காதீங்க, ஊரை வெச்சு ஆரம்பிங்க. ஜில்லா நார்த் ஆற்காடு, தாலுகா வாண்டிவாஷ், அதாவது வந்தவாசி, அப்புறம் உங்க கிராமத்தோட பேரை வெள்ளக்காரன் எப்படியெல்லாம் எழுதியிருப்பான்னு நாலஞ்சு விதமா எழுதி வெச்சிக்கிட்டு, அந்த ஊர்லருந்து போனவங்களை மட்டும் தனியா எடுங்க. அதுல அப்பா பேரு ஒத்துப்போகுதான்னு பாருங்க. அப்பா பேருதான் இங்க சாவி. உங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் அவருக்கும் ஒரே அப்பா, அந்த பேரு வீட்ல யாருக்காவது ஞாபகம் இருக்கும், இல்லன்னா பழைய பத்திரத்துல இருக்கும். வயசை ரொம்ப நம்பாதீங்க, அது பாத்து குத்துமதிப்பா போட்டது, அஞ்சு வருஷம் முன்ன பின்ன இருக்கும். அதே கப்பல்ல அதே ஊர்க்காரங்க வேற யாராவது அடுத்தடுத்த நம்பர்ல இருக்காங்களான்னும் பாருங்க, ஒரே ஊர்ல இருந்து சேர்ந்து போனவங்களும் உண்டு, பக்கத்து தெரு ஆள் ஒருத்தர் கூட போயிருக்கலாம். ஒரே கப்பல் பல தடவை போய் வந்திருக்கும், உம்சிண்டோ, உம்வோட்டி, கொங்கெல்லா, பொங்கோலான்னு பேரோட எத்தனாவது பயணம்னு நம்பரும் இருக்கும், அதையும் சேர்த்து குறிச்சிக்கோங்க, இல்லன்னா வருஷம் குழம்பிடும்.

அந்த நம்பர் கிடைச்சிட்டா அப்புறம் அதை பிடிச்சிக்கிட்டே போகலாம். கரும்புத்தோட்டமா, ரயில்வேயா, டண்டீ பக்கம் நிலக்கரி சுரங்கமா, கியர்ஸ்னி தேயிலை தோட்டமான்னு முதலாளி பேரை வெச்சு தெரியும். ஒப்பந்தம் அஞ்சு வருஷம், முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங் கூலி, வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். அங்க புள்ளை பொறந்தா பொறப்பு பதிவுல அப்பா அம்மாவோட நம்பரையும் எழுதுவாங்க, கல்யாணத்தையும் இந்தியர் குடியேற்ற பாதுகாவலர்னு ஒரு அதிகாரி இருந்தாரு, அவரு ஆபீஸ்ல பதியணும். செத்துப்போனா, சொத்துபத்து ஏதாவது இருந்தா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக்காப்பகத்துல எஸ்டேட் ஃபைல் இருக்கும், அதுல டெத் நோட்டீஸ்னு ஒரு ஃபாரம், அப்பா அம்மா பேரு, பொண்டாட்டி, புள்ளைங்க பேரு எல்லாம் வரிசையா இருக்கும். உங்களுக்கு சொந்தக்காரங்க இருக்காங்களான்னு கேட்டீங்கல்ல, அந்த ஃபாரம்தான் பதில் சொல்லும்.

திரும்பி வந்திருந்தாலும் ரிஜிஸ்டர்ல குறிச்சிருப்பாங்க. பத்து வருஷம் இருந்தவங்களுக்கு இலவசமா திரும்பற கப்பல் உண்டு. 1895 சட்டத்துக்கு அப்புறம் போனவங்களுக்கு வேற நெருக்கடி, ஒப்பந்தம் முடிஞ்சதும் மறுபடி ஒப்பந்தம் போடணும், இல்ல ஊருக்கு திரும்பணும், இல்ல வருஷத்துக்கு மூணு பவுன் வரி கட்டணும். மாசம் பத்து பன்னண்டு ஷில்லிங் சம்பாதிக்கறவன் மூணு பவுனுக்கு எங்க போவான்? அந்த வரியை எதிர்த்துதான் 1913ல சுரங்கத்துலயும் தோட்டத்துலயும் ஆயிரக்கணக்கான பேர் வேலைநிறுத்தம் பண்ணாங்க, அடுத்த வருஷம் வரி போச்சு. உங்க தாத்தா 1895க்கு முன்ன போனாரா பின்ன போனாரான்னு பாத்தா அவரு வாழ்க்கையே வேற மாதிரி தெரியும்.

கேள்வி: நாங்க டர்பன்ல நாலாவது தலைமுறை. கொள்ளுப்பாட்டியோட கப்பல் லிஸ்ட் வரி கிடைச்சிருச்சு, நார்த் ஆற்காடு ஜில்லா, சித்தூர் தாலுகான்னு இருக்கு. வேலூர் வந்து தேடினோம், அப்படி ஒரு ஊரே இல்லைன்னுட்டாங்க. இன்னொரு விஷயம், அவங்க தனியா, கைக்குழந்தையோட வந்திருக்காங்க, புருஷன் பேரு இல்ல. சாதியும் எங்க வீட்ல சொல்றது வேற, லிஸ்ட்ல இருக்கறது வேற. – வாசகி, டர்பன்

அம்மா, ஊர் காணாம போகல, ஜில்லா மாறிடுச்சு. அன்னைக்கு நார்த் ஆற்காடு ரொம்ப பெரிசு. 1911ல சித்தூரை தனி ஜில்லாவா பிரிச்சாங்க, அது இன்னைக்கு ஆந்திராவுல இருக்கு. மிச்சம் இருந்த வட ஆற்காட்டை 1989ல ரெண்டா பிரிச்சு திருவண்ணாமலை தனியாச்சு, 2019ல வேலூரை மறுபடி பிரிச்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ரெண்டும் வந்துச்சு. நீங்க போக வேண்டியது ஆந்திரா சித்தூர் கலெக்டர் ஆபீஸ் பக்கம். பழைய மெட்ராஸ் மாகாண மேப் ஒண்ணை பக்கத்துல வெச்சிக்கிட்டு பாத்தா இந்த மாதிரி அலைச்சல் மிச்சம். வெளிநாட்டுல இருந்து செலவு பண்ணி வர்றவங்க மொதல்ல தாலுகா இன்னைக்கு எந்த மாநிலம்னு பாத்துட்டு டிக்கெட் போடுங்க, இதை நான் எல்லாருக்கும் சொல்றேன்.

தனியா வந்தாங்கங்கறதை வெச்சு வீட்ல யாரும் தப்பா பேச விடாதீங்க. அந்த காலத்துல தனியா கப்பல் ஏறின பொம்பளைங்க நிறைய பேர், புருஷன் செத்தவங்க, கைவிடப்பட்டவங்க, 1876ல ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் மெட்ராஸ் மாகாணத்தையே சூறையாடின தாது வருஷ பஞ்சத்துல குடும்பத்தையே பறிகொடுத்தவங்க. கப்பல் தேதியை பஞ்ச வருஷத்தோட ஒட்டி பாருங்க. உங்க கொள்ளுப்பாட்டிக்கு ஒரு பெருமை உண்டு, இதை நீங்க கவனிச்சீங்களான்னு தெரியல. அதே காலத்துல நம்ம ஊர்லயே இருந்த பொம்பளைங்க பேரு சர்க்கார் கணக்குல கிடைக்கறது அபூர்வம். கப்பல் ஏறினவங்களுக்கு மட்டும் தனி நம்பர், தனி வரி, தன் அப்பா பேரு, தன் ஊரு, தன் உயரம்னு இருக்கு. அவங்களை ஒரு முழு ஆளா எழுதியிருக்கு அந்த ரிஜிஸ்டர். குழந்தைக்கும் தனி நம்பர் இருக்கும், அடுத்த வரியில பாருங்க.

சாதி விஷயம், அதுல சண்டை வேணாம். கப்பல் ஏத்தறதுக்கு முன்ன தங்க வெச்ச டிப்போவுல கேட்டதுக்கு அவங்க ஒண்ணு சொல்லியிருப்பாங்க, ஏஜென்ட் ஒண்ணு சொல்லிக் குடுத்திருப்பான், எழுதினவன் ஒண்ணு எழுதியிருப்பான், அங்க போய் புது வாழ்க்கை ஆரம்பிச்சவங்க வேணும்னே மாத்திக்கிட்டதும் உண்டு. ஊரையும் அப்பா பேரையும் பிடிச்சிக்கோங்க, அது போதும்.

கேள்வி: பாட்டியோட டிரங்கு பெட்டியில ஒரு வெள்ளி பதக்கம் இருக்கு. ஒரு பக்கம் ராஜா தலை, இன்னொரு பக்கம் குதிரை மேல ஒரு ஆளு, 1914, 1918னு போட்டிருக்கு. பாட்டியோட மாமனார் பட்டாளத்துல இருந்தாராம். வேற ஒரு பேப்பரும் இல்ல. – வாசகர், குடியாத்தம்

பேப்பர் இல்லன்னு யாரு சொன்னா, கையில இருக்கறதே பேப்பர்தான்! அந்த பதக்கத்தை படுக்கவெச்சு பாக்காதீங்க, நிக்க வெச்சு ஓரத்தை பாருங்க. ரூபாய் காசுல ஓரத்துல கோடு கோடா இருக்குமே அந்த எடத்துல, சுத்தி இங்கிலீஷ்ல சின்ன சின்ன எழுத்தா பொறிச்சிருப்பாங்க. நம்பர், பதவி, பேரு, ரெஜிமென்ட். லென்ஸ் வெச்சு, சாயங்கால வெயில்ல சாய்ச்சு பிடிச்சா தெரியும். தயவு செஞ்சு புளி, சாம்பல், பாலிஷ் எதுவும் போட்டு தேய்க்காதீங்க, எழுத்து தேஞ்சு போச்சுன்னா போனதுதான். செல்போன்ல கிட்ட வெச்சு கொஞ்சம் கொஞ்சமா திருப்பி நாலஞ்சு போட்டோ எடுங்க.

அது முதல் உலகப்போர்ல சேவை செஞ்சவங்களுக்கு குடுத்த பிரிட்டிஷ் வார் மெடல். மெட்ராஸ் மாகாணத்துல இருந்து போனவங்க பெரும்பாலும் மெட்ராஸ் சாப்பர்ஸ், பயனியர்ஸ், கர்நாடிக் இன்ஃபன்ட்ரி, இந்த மாதிரி படைகள்ல இருந்தாங்க, நிறைய பேர் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்னைக்கு ஈராக்குக்கு போனாங்க. சண்டை போடாம சுமை தூக்க, சமைக்க, ரோடு போட போனவங்களுக்கும் மெடல் உண்டு, அது வெண்கலம். உங்களுது வெள்ளின்னா சிப்பாயா இருக்க வாய்ப்பு அதிகம்.

போர்ல இறந்திருந்தா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல பேரு போட்டு பாருங்க, இலவசம்தான். பாஸ்ரா நினைவுச்சின்னத்துல மட்டும் நாப்பதாயிரம் பேருக்கு மேல இருக்காங்க. சில பேருக்கு அப்பா பேரு, ஊரு, ஜில்லா கூட போட்டிருக்கும். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறை தோட்டத்துலயும் அந்த போர்ல இறந்தவங்களுக்கு நினைவுக்கல் இருக்கு. உயிரோட திரும்பி வந்திருந்தா அந்த லிஸ்ட்ல இருக்க மாட்டாரு, அப்போ ரெஜிமென்ட் நம்பரை வெச்சுதான் போகணும், சாப்பர்ஸ்னா அவங்க மையம் பெங்களூர்ல இன்னைக்கும் இருக்கு, எழுதி கேளுங்க. உங்க ஊர் பஞ்சாயத்து ஆபீஸ், சாவடி, பழைய ஸ்கூல் சுவத்துலயும் ஒரு தடவை பாருங்க. இந்த கிராமத்துல இருந்து இத்தனை பேர் போருக்கு போனாங்க, இத்தனை பேர் உயிரை விட்டாங்கன்னு சின்ன கல்லு ஒண்ணு நம்ம ஊர்கள்ல பல எடத்துல பதிச்சிருக்காங்க, சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு எழுத்தே தெரியாம கிடக்கும். பேரு இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான், ஆனா அதுல ஒருத்தர் உங்க ஆளு.

கேள்வி: நாங்க எங்கயும் கப்பல் ஏறல சார், ஏழு தலைமுறையா இதே ஊரு. தாத்தா பேரு தெரியும், அவங்க அப்பா பேரு தெரியும், அதுக்கு மேல போக முடியல. பாட்டிங்க பேரு சுத்தமா தெரியல. – வாசகர், மன்னார்குடி பக்கம்

ஊர்லயே இருந்தவங்களை எண்ணினது நிலவரிக் கணக்கு. ஒரு சென்ட் நிலம் இருந்திருந்தாலும் உங்க ஆளு பேரு எங்கயோ இருக்கும். இப்போ இருக்கற பட்டா, அ-பதிவேடுல இருந்து பின்னால போங்க. நிலப் பதிவேட்டை புதுப்பிக்க 1979ல ஆரம்பிச்ச யூ.டி.ஆர் கணக்கு, அதுக்கு முன்ன நிலவரி நிர்ணயம் பண்ணின செட்டில்மென்ட், ரீசெட்டில்மென்ட் ரிஜிஸ்டர்னு படிப்படியா இருக்கு. சர்வே நம்பரை பிடிச்சிக்கிட்டு போகணும், பழைய நம்பருக்கும் புது நம்பருக்கும் ஒப்பீடு இருக்கும். தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்ட் ரூம்ல நகலுக்கு மனு போடலாம், பதில் வரலன்னா தகவல் உரிமை சட்டத்துல கேளுங்க. ஜமீன் கிராமமா இருந்தா 1948 ஜமீன் ஒழிப்பு சட்டத்துக்கு அப்புறம்தான் சர்க்கார் செட்டில்மென்ட் நடந்திருக்கும், அதுக்கு முன்ன கணக்கு ஜமீன் கச்சேரியில இருந்தது. மானியமா வந்த நிலம்னா 1860கள்ல எழுதின இனாம் பதிவேடு இருக்கு, யாருக்கு எதுக்காக குடுத்தாங்கன்னு தலைமுறையோட சொல்ற அருமையான ஆவணம், எழும்பூர் ஆவணக்காப்பகத்துல கேட்டுப் பாக்கலாம். 1980ல பரம்பரை கர்ணம், முன்சீப் வேலையை ஒழிச்சு அப்புறம்தான் வி.ஏ.ஓ வந்தாங்க, அதனால பழைய கர்ணம் வீட்டு பரண்ல கணக்கு நோட்டு இன்னும் தூங்கிக்கிட்டு இருக்கலாம், அந்த குடும்பத்துகிட்ட மரியாதையா பேசிப் பாருங்க.

ஆனா பட்டாவுல ஒரு ஆம்பளை பேருதான் கிடைக்கும். குடும்பம் மொத்தமும் தெரியணும்னா சப்-ரிஜிஸ்டரார் ஆபீஸ் போகணும். அங்க பழைய புஸ்தகங்களுக்கு பேர் வாரியா ஒரு இண்டெக்ஸ், சொத்து வாரியா ஒரு இண்டெக்ஸ் உண்டு. கிரயப் பத்திரம் எடுத்தா இன்ன கிராமத்துல இருக்கும் இன்னார் குமாரர் இன்னாருக்கு, இன்ன கிராமம் இன்னார் குமாரர் இன்னார் எழுதிக் குடுத்ததுன்னு ஆரம்பிக்கும்போதே ரெண்டு தலைமுறை வந்துடும். எதுக்கு வித்தாருன்னும் எழுதியிருப்பாங்க, மூத்த பொண்ணு கல்யாண செலவுக்கு, முன்ன வாங்கின பிராமிசரி நோட்டு கடனை தீர்க்க, வைத்திய செலவுக்குன்னு. அந்த ஒரு வரியில அந்த வருஷம் அந்த வீட்ல என்ன நடந்துச்சுன்னே தெரிஞ்சிடும். கீழ கைநாட்டு, எழுதினவர் பேரு, சாட்சி ரெண்டு பேரு, சாட்சி போட்டவங்க பாதிக்கு மேல மாமன் மச்சானாத்தான் இருப்பாங்க.

பாட்டிங்க பேரு கேட்டீங்க, இதுக்கு நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன், வந்த கடுதாசியில முக்கால்வாசி தாத்தாவை மட்டும்தான் கேட்டிருந்தாங்க. பொம்பளைங்க பேரு வர்ற பத்திரம் தனி. பொறந்த வீட்டு சொத்துல பங்கு வேணாம்னு எழுதிக்குடுத்த விடுதலைப் பத்திரம், விதவையா ஆனவங்களுக்கு வருஷத்துக்கு இத்தனை கலம் நெல்லுன்னு எழுதின ஜீவனாம்ச பத்திரம், கல்யாணத்துக்கு குடுத்த மஞ்சக்காணி நிலம், புருஷன் செத்து பசங்க மைனரா இருக்கும்போது தாயும் கார்டியனுமான இன்னார்னு போடற கையெழுத்து. பாகப்பிரிவினை பத்திரத்துலயும் கடைசியில அம்மாவோட சாப்பாட்டுக்கு யாரு பொறுப்புன்னு ஒரு பாரா இருக்கும், அங்க அவங்க பேரு வரும். ஒரு பொம்பளையோட பேரு வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை எழுத்துல வந்திருக்கும், அதுவும் எனக்கு எதுவும் வேணாம்னு எழுதிக்குடுத்த எடத்துல வந்திருக்கும். அதை கண்டுபிடிச்சு குடும்ப மரத்துல எழுதுங்க.

பொறப்பு இறப்பு பதிவு பாக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க, பழைய ரிஜிஸ்டர்ல குழந்தை பேரு இருக்காது, இன்னாருக்கு ஆண் குழந்தைன்னு மட்டும் இருக்கும், ஏன்னா பதியும்போது பேரே வெச்சிருக்க மாட்டாங்க. தேதியை வெச்சுதான் பிடிக்கணும். கிறிஸ்தவ குடும்பம்னா நீங்க குடுத்து வெச்சவங்க, பங்கு கோயில் ஞானஸ்நான புஸ்தகத்துல அப்பா, அம்மா, ஞானத்தாய் தகப்பன் வரைக்கும் இருக்கும்.

கேள்வி: அப்பா அம்மா சிலோன்ல தேயிலை தோட்டத்துல பொறந்தவங்க, ஒப்பந்தத்துல 1970கள்ல இந்தியா வந்து இங்க டேன்டீயில, அதான் தமிழ்நாடு அரசு தேயிலை தோட்டக் கழகத்துல, வேலை பாத்தாங்க. தாத்தாவோட அப்பா எந்த ஊர்ல இருந்து சிலோன் போனாருன்னு தெரியல. திருச்சி ஜில்லான்னு மட்டும் சொல்வாங்க. இங்க எங்களை இன்னும் சிலோன்காரங்கன்னுதான் சொல்றாங்க, எங்க ஊர் எதுன்னு தெரிஞ்சிக்கணும். – வாசகி, கோத்தகிரி

தங்கச்சி, உங்க கேள்வியை படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல, அங்க குடியுரிமை இல்லாம இருந்த நம்ம வம்சாவளி ஜனங்கள்ல அஞ்சேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கணும், மூணு லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை குடுக்கணும்னு ரெண்டு சர்க்காரும் பங்கு போட்டாங்க, மிச்ச ஒண்ணரை லட்சம் பேரை 1974ல பாதி பாதியா பிரிச்சாங்க. மனுஷங்களை இப்படி எண்ணி பிரிச்சதுல ஒவ்வொரு குடும்பத்துக்கும் பேப்பர் உண்டாச்சு. அந்த பேப்பரை இப்போ நமக்கு ஆதரவா பயன்படுத்திக்கலாம்.

தாயகம் திரும்பினவங்களுக்கு குடுத்த குடும்ப அட்டை வீட்ல இருக்கான்னு பாருங்க, அப்புறம் அப்பா அம்மா வந்த இந்தியன் பாஸ்போர்ட். குடும்பத்துல யார் யாரு, வயசு, என்ன உறவு, எந்த உதவித் திட்டம்னு அட்டையில இருக்கும். நிறைய வீட்ல இதை வேலைக்காக, சாதி சான்றிதழுக்காக குடுத்து குடுத்து கிழிஞ்சிருக்கும், இன்னைக்கே ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி நாலு பேருக்கு அனுப்பி வெச்சிடுங்க. அடுத்தது அங்க இலங்கையில தங்கிட்ட சொந்தக்காரங்க. 1948ல குடியுரிமை பறிபோனதும் 1949 சட்டத்துல லட்சக்கணக்கான பேர் மனு போட்டாங்க, அந்த மனுவோட அவங்க எவ்வளவு காலமா அங்க குடியிருக்காங்கன்னு காட்ட கிடைச்ச ஆதாரத்தையெல்லாம் சேர்த்தாங்க. உங்க தாத்தாவோட அண்ணன் தம்பி குடும்பத்துல யாராவது பத்திரமா வெச்சிருக்கலாம்.

தோட்டத்துல பொறந்த புள்ளைங்க பொறப்பை தோட்ட நிர்வாகம் பதிவாளருக்கு சொல்லணும், அதனால உங்க அப்பா அம்மாவோட பொறப்பு சர்டிபிகேட் நகல் இலங்கை பதிவாளர் நாயகம் திணைக்களம் வழியா கேட்டு வாங்கலாம். அப்போ தோட்டத்தோட சரியான பேரு வேணும். நம்ம ஜனங்க கூப்பிட்ட பேரு ஒண்ணு, துரைமார் ரெக்கார்ட்ல இருக்கற இங்கிலீஷ் பேரு ஒண்ணு. பழைய ஃபெர்குசன் டைரக்டரியில தோட்டங்களோட பேரு, முதலாளி, ஏக்கர் எல்லாம் வருஷா வருஷம் போட்டிருப்பாங்க, அதை வெச்சு பொருத்திக்கலாம்.

பேப்பர்ல ஊர் பேரு கிடைக்கலன்னாலும் மனசு விட்டுடாதீங்க. சிலோனுக்கு ஆள் சேர்த்தது கங்காணி. அவரு தன் ஊரு, சுத்துப்பட்டு ஊரு, சொந்தபந்தம், தெரிஞ்சவங்கன்னுதான் கூட்டிக்கிட்டு போனாரு. கடன் கணக்கும் அவருகிட்டதான், 1921ல ஒழியற வரைக்கும் ஒரு தோட்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாறணும்னா பட்ட கடனை எழுதின துண்டு வேணும். அதனால உங்க அப்பா இருந்த லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்ல, பக்கத்து காம்பிரா குடும்பங்க, ஒரே கங்காணி கீழ இருந்தவங்க, இப்போ கூடலூர்லயோ கோத்தகிரியிலயோ நுவரெலியாவுலயோ எங்க இருந்தாலும் சரி, அவங்களுக்கு பூர்வீக ஊர் தெரியுமான்னு கேளுங்க. அவங்க ஊர் தெரிஞ்சா உங்க ஊர் அஞ்சு பத்து மைல் சுத்தளவுல இருக்கும்.

அதோட குலதெய்வம். அம்மாகிட்ட, அத்தைகிட்ட, வீட்ல மூத்த பொம்பளை யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட கேளுங்க, மொட்டை போடும்போது எந்த சாமி பேரை சொன்னீங்க, ஆடி மாசம் யாருக்கு படையல் போட்டீங்கன்னு. மாரியம்மன்னு பொதுவா சொன்னா விடாதீங்க, கூட இருக்கற காவல் சாமி பேரு, ஊர் பேரு ஒட்டின சாமி பேரு ஏதாவது வரும். முசிறி, துறையூர், பெரம்பலூர் பக்கம் இருந்து தோட்டத்துக்கு போனவங்க ஏராளம், அன்னைக்கு திருச்சி ஜில்லான்னா இன்னைக்கு பெரம்பலூர், அரியலூர், கரூர் எல்லாம் சேர்ந்தது. சாமி பேரையும் பங்காளிங்க பட்டப்பேரையும் வெச்சிக்கிட்டு அந்த பக்கம் பூசாரிங்ககிட்ட விசாரிச்சா பல குடும்பங்களுக்கு வழி கிடைச்சிருக்கு. கோயில்ல வரி குடுக்கற தலைக்கட்டு நோட்டு இருக்கும், சிலோன் போன வகையறான்னு அங்க இன்னும் சொல்லிக்கிட்டு இருப்பாங்க.

உங்களை சிலோன்காரங்கன்னு சொல்றவங்க சொல்லிட்டு போகட்டும். ரெண்டு ஊரும் உங்க ஊருதான்.

கேள்வி: எங்க பூர்வீகம் காரைக்கால். தாத்தாவோட மாமா ரீயூனியன் தீவுக்கு போனதா சொல்வாங்க. – வாசகர், நாகப்பட்டினம்

காரைக்கால், ரீயூனியன் ரெண்டும் பிரெஞ்சு ஆட்சியில இருந்த எடம், பிரெஞ்சுக்காரங்க பொறப்பு, கல்யாணம், சாவு மூணையும் ஒழுங்கா எழுதினவங்க. காரைக்கால், புதுச்சேரி பழைய சிவில் பதிவேடுங்க பிரான்சுல எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஊர்ல இருக்கற கடல்கடந்த பகுதிகளோட ஆவணக்காப்பகத்துல இருக்கு, அவங்க வெப்சைட்ல இலவசமாவே பக்கம் பக்கமா பாக்கலாம். எல்லாம் கையெழுத்து பிரெஞ்சு, கொஞ்ச நாள் கண்ணு பழகணும். ஸ்பெல்லிங் வேற, 'உ' சத்தத்துக்கு ஓ-யூ ரெண்டு எழுத்து போடுவாங்க, அதனால முத்து, முருகன் எல்லாம் நாம எதிர்பாக்கற எடத்துல இருக்காது. 1881 சட்டத்துல சொந்த வழக்கத்தை விட்டு பிரெஞ்சு சட்டத்துக்கு மாறினவங்க புதுசா குடும்பப் பேரு வெச்சிக்கிட்டாங்க, உங்க வீட்ல யாராவது அப்படி மாறியிருந்தா பேரே வேறயா இருக்கும், அதை மொதல்ல கேட்டு வெச்சிக்கோங்க.

கேள்வி: டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா ஊர் தெரிஞ்சிடுமா? – வாசகர், பினாங்கு

ஊர் தெரியாது. அதே கம்பெனியில டெஸ்ட் எடுத்த தூரத்து சொந்தம் யாராவது இருந்தா அவங்களை காட்டும், நம்ம ஊர் பக்கம் எடுத்தவங்க ரொம்ப கம்மி. காசு செலவு பண்றதுக்கு முன்ன வீட்ல இருக்கற தாத்தாவோட பழைய பாஸ்போர்ட், 1948ல மலாயாவுல குடுக்க ஆரம்பிச்ச அடையாள அட்டை, தோட்டத்துல வேலைநாள் கணக்கு எழுதின செக்ரோல், மணியார்டர் ரசீது எல்லாத்தையும் எடுத்து பரப்புங்க. மணியார்டர் ரசீதுல இந்தியாவுல யாருக்கு அனுப்பினாருன்னு தபால் ஆபீஸ் பேரோட இருக்கும், பூர்வீக ஊருக்கு அதை விட நேர் வழி இல்ல. பாஸ்போர்ட்ல முத்திரை அடிச்ச பக்கங்களை பாருங்க, நாகப்பட்டினம்னு இருந்தா ரஜூலா கப்பல்ல போய் வந்திருக்க வாய்ப்பு உண்டு, 1926ல இருந்து 1973 வரைக்கும் அது ஓடுச்சு. எந்தெந்த வருஷம் ஊருக்கு வந்தாருன்னு அந்த முத்திரையில குறிச்சிக்கிட்டு, அதே வருஷத்துல ஊர்ல கல்யாணமோ கிரயமோ நடந்திருக்கான்னு பத்திர ஆபீஸ்ல தேடுங்க. வெளிநாட்டுல இருந்து வந்தவரு பெரும்பாலும் நிலம் வாங்கிட்டுதான் திரும்பியிருப்பாரு.